கோடையில் துறைமுகம் காலியாகிவிடுமா? ஆலா, உப்புக்கொத்தி, ஊர் திரும்பாத உள்ளான்கள்

ஏப்ரல் 21, காலை 7.40 – கரைநடை

ஏப்ரல் பாதி தாண்டிருச்சு. கடற்காகம் எல்லாம் கிளம்பியாச்சு, விசைப்படகும் தடைக்காலத்துல கட்டிக் கிடக்கு. காக்காவையும் கள்ளப்பருந்தையும் பார்க்கவா வெயில்ல நிக்கிறது? செப்டம்பர் வரைக்கும் பைனாகுலரை பீரோவுல வச்சுப் பூட்டிரலாம்னு இருக்கேன். கோடையில துறைமுகம் காலிதான்னு நான் சொல்றேன். இல்லைன்னா எங்க நிக்கணும், எத்தனை மணிக்கு நிக்கணும்னு சொல்லுங்க.

ஏப்ரல் 21, இரவு 9.15 – ஆலாக்கண்

பூட்ட வேண்டாம். கூட்டம் போய்விட்டது, அது உண்மை. ஜனவரியில் நூற்றுக்கணக்கான பழுப்புத்தலைக் கடற்காகங்களுக்கு நடுவே நாலைந்து ஆலாவை (கடல்மேல் பறந்து இரை பிடிக்கும் கூர்சிறகுப் பறவை) தேடிக்கொண்டிருப்போம். இப்போது கடற்காகம் விலகி, அந்த நாலைந்து ஆலா மட்டும் கண் முன்னால் நிற்கிறது. ஒவ்வொன்றையும் இறகு இறகாகப் பார்க்க இதைவிட நல்ல பருவம் கிடையாது.

இங்கேயே முட்டையிடுகிறவை ஒரு வகை: சிறிய ஆலா, அனுமன் உப்புக்கொத்தி, நெடுங்கால் உள்ளான் (உப்புக்கொத்தியும் உள்ளானும் கரையோர ஈரத்தில் இரை தேடுபவை). வடக்கே போகாமல் தங்கிவிட்ட ஒரு வயதுக் குஞ்சுகள் இன்னொரு வகை: உள்ளான், கோட்டான் (ஆந்தை அல்ல, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை), சில கடற்காகம், சாதா ஆலா. ஜூன் பிறந்ததும் தென்மேற்குக் காற்று தள்ளிக்கொண்டு வரும் நடுக்கடல் பறவைகள் மூன்றாவது. மூன்றுக்கும் நிற்கும் இடம் வேறு, நேரமும் வேறு. ஒரே இடத்தில் காலை ஏழிலிருந்து பத்து வரை நின்றுவிட்டுக் காலி என்றால், அந்த இடம் காலி, அவ்வளவுதான்.

முதலில் தடைக்காலக் கணக்கு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துக்கு, அதாவது முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகும் பைபர் படகும் போய்வருகின்றன. ஏலக்கூடத்தில் சங்காய மீன் (கழித்துப் போடும் சிறுமீன்) கொட்டுவது நின்றதும் பருந்தும் கொக்கும் நாட்டுப்படகு ஏறும் மணல்கரைக்கும் கருவாடு காயும் களத்துக்கும் இடம் மாறும். நீங்களும் மாறுங்கள்.

கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளையும் விடாதீர்கள். ஆள் ஏறாத படகின் கொம்பும் வலைக்கயிறும் ஆலாக்களுக்கு நல்ல இளைப்பாறுமிடம். பக்கவாட்டில் தொங்கும் டயர்மேல் மடையானும் கரைக்கொக்கும் குனிந்து நின்று மீன் பிடிக்கும். வரிசை வரிசையாக டயர்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனால் அரைமணி போதும்.

ஏப்ரல் 22, காலை 6.05 – ஆலாக்கண்

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. கிழக்குக் கரையில் காலையில் கரையில் நின்று கடலைப் பார்த்தால் சூரியன் நேரே முகத்தில். பறவை வெறும் நிழலுருவம். அலகின் நிறம், காலின் நிறம் எதுவும் தேறாது. காலை வேளையில் அலைதடுப்புச் சுவரின் கடல்முனைவரை நடந்து, அங்கிருந்து திரும்பி உள்துறைமுகத்தைப் பாருங்கள். வெயில் முதுகில் இருக்கும். மாலை நாலுக்கு மேல் கரையில் நின்றாலே போதும்.

காற்றுக் கணக்கும் உண்டு. ஓய்வெடுக்கும் ஆலாவும் கடற்காகமும் காற்றை எதிர்த்துத்தான் நிற்கும். காலையில் தரைக்காற்று மேற்கிலிருந்து வரும்போது முகம் கரைப்பக்கம் இருக்கும்: சுவர்முனையிலிருந்து முதுகு தெரியும். கடற்காற்று ஏறியதும் மொத்தக் கூட்டமும் கிழக்கே திரும்பிவிடும். அப்போது முனையிலிருந்து நெற்றி, தொப்பி, அலகு பார்க்கலாம். மாலையில் கரையிலிருந்து முதுகின் சாம்பல் அடர்த்தியும் சிறகு நுனியின் கருமையும் தெரியும். முகத்துக்கு ஒரு நேரம், முதுகுக்கு ஒரு நேரம் என்று பிரித்துக்கொண்டால் வீண் அலைச்சல் இல்லை.

ஏப்ரல் 22, மதியம் 1.30 – கரைநடை

சரி, பூட்டலை. ஸ்கோப்புல 60 மடங்கு வச்சா எல்லாம் கொதிக்கிற தண்ணி மாதிரி ஆடுது. லென்ஸ் கோளாறா?

ஏப்ரல் 22, இரவு 8.50 – ஆலாக்கண்

லென்ஸ் சரியாகவே இருக்கும். அது கானல். சூடான மணலுக்கும் கான்கிரீட்டுக்கும் மேலே காற்று ஏறி ஏறி இறங்குகிறது. மடங்கைக் கூட்டினால் அந்த ஆட்டமும் சேர்ந்து பெரிதாகும். பத்து மணிக்கு மேல் 25, 30-ஐத் தாண்டாதீர்கள். மணல்வெளிக்கு மேலாகப் பார்ப்பதைவிடத் தண்ணீருக்கு மேலாகப் பார்த்தால் ஆட்டம் குறைவு. ஆகவே பறவைக்கும் உங்களுக்கும் நடுவே தண்ணீர் இருக்கும்படி இடம் பிடியுங்கள். இருநூறு மீட்டருக்கு அப்பால் இருப்பதற்கு மதியத்தில் பெயர் வைக்கவே வேண்டாம்.

உப்பு பற்றியும் சொல்கிறேன், பலர் லென்ஸைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான். கடற்காற்றில் இரண்டு மணி நேரம் நின்றால் கண்ணாடிமேல் உப்புத் துளி காய்ந்து பொடியாக ஒட்டியிருக்கும். அதைச் சட்டை நுனியால் துடைத்தால் உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான். முதலில் ரப்பர் ஊதியால் மணலை ஊதுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை அழுத்தாமல் வைத்து எடுங்கள், உப்பு கரைந்து வந்துவிடும். கடைசியில்தான் லென்ஸ் துணி. முக்காலியின் கால் பூட்டுகளையும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கோடையிலேயே திருகு இறுகிப்போகும்.

ஏப்ரல் 30, இரவு 10.20 – ஆலாக்கண்

ஆலாக்களைப் பிரிக்கும் விதம் கேட்டுச் சிலர் எழுதியிருந்தார்கள். துறைமுக வாயில் ஓரிடத்தில் நின்றால் வரக்கூடியவை:

பெரிய கொண்டை ஆலாவின் அலகு எலுமிச்சை மஞ்சள், கொஞ்சம் பச்சை ஓடிய மஞ்சள். முதுகு அழுத்தமான சாம்பல். இனப்பெருக்க காலத்திலும் அலகுக்கும் கருந்தொப்பிக்கும் நடுவே வெள்ளைப் பட்டை இருக்கும். சிறிய கொண்டை ஆலாவுக்கு அலகு ஆரஞ்சு, முதுகு வெளிர் சாம்பல், தொப்பி அலகு வரை வந்து தொடும். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் குழப்பமே இல்லை. தனியாக நின்றால் அலகின் நிறத்தை மாலைச் செவ்வெயிலில் முடிவு செய்யாதீர்கள், எலுமிச்சையும் ஆரஞ்சாகத் தெரியும். முதுகைப் பாருங்கள்.

காஸ்பியன் ஆலா கடற்காகம் அளவுக்குப் பெரியது, கேரட் போல் தடித்த சிவப்பு அலகு. பருத்த அலகு ஆலா கருப்பு அலகோடு சேற்றுக்கும் உப்பளத்துக்கும் மேலே தாழப் பறந்து நண்டைக் கொத்தும். தண்ணீரில் தலைகீழாகப் பாய்வது அதற்குப் பழக்கமில்லை. மீசை ஆலா உப்பளத்தில் வயிறு கருத்து, கன்னம் வெளுத்துத் திரியும்.

சிறிய ஆலாதான் கோடையின் அரசி. 22 முதல் 24 சென்டிமீட்டர், மைனா அளவுதான். மஞ்சள் அலகு, கருநுனி, வெள்ளை நெற்றி. ஆழமில்லாத தண்ணீருக்கு மேலே சிறகை வேகவேகமாக அடித்து ஒரே இடத்தில் நிற்கும், இரண்டு மீட்டர் இறங்கி மறுபடி நிற்கும், பிறகுதான் விழும். இந்தப் படிப்படியான இறக்கம் அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் கண்ணில் படும்.

இதோடு சாண்டர்ஸ் ஆலாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ராமேசுவரம், தனுஷ்கோடி பக்கம் நிற்பவர்களுக்குக் குறிப்பாக. சிறிய ஆலாவுக்கு நெற்றி வெள்ளை கண்ணுக்கு மேலே புருவமாக நீளும். சாண்டர்ஸுக்குக் கண்ணோடு நின்றுவிடும், நெற்றியில் சதுரமாக வெட்டி ஒட்டியது போல் இருக்கும். சிறகின் வெளி இறகுகளில் சிறிய ஆலாவுக்கு இரண்டு மூன்று கருப்பு, சாண்டர்ஸுக்கு மூன்று நான்கு, ஆப்பு வடிவத்தில் அகலமாக. கால் முன்னதற்கு ஆரஞ்சு, பின்னதற்கு மங்கிய பழுப்பு. பின்முதுகு சாண்டர்ஸுக்கு முதுகு நிறச் சாம்பல், சிறிய ஆலாவுக்கு வெளுப்பு.

மே 2, காலை 5.50 – ஆலாக்கண்

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். வெளி இறகை எண்ணி மட்டும் சாண்டர்ஸ் என்று முடிவெடுக்காதீர்கள். ஆலாவின் புது இறகில் வெள்ளி மாவு பூசியது போல ஒரு மேற்பூச்சு இருக்கும். இறகு பழசாகத் தேயத் தேய அந்த மாவு உதிர்ந்து அடியில் உள்ள கருமை வெளியே வரும். அதனால் மே, ஜூனில் சிறிய ஆலாவுக்கும் தேய்ந்த பழைய இறகுகள் கருத்து, கருப்பு இறகு எண்ணிக்கை மூன்று நான்காகக் கூடிவிடலாம். கருத்த இறகின் நுனி பிய்ந்து கந்தலாக இருந்தால் அது தேய்மானம். இறகு முழுசாக இருந்தும் கருப்பு என்றால்தான் எண்ணலாம்.

கால் நிறமும் அப்படித்தான். சேற்றில் நின்ற ஆலாவின் ஆரஞ்சுக் கால் காய்ந்த சேறு பூசிப் பழுப்பாகத் தெரியும். அது ஒருமுறை தண்ணீரில் விழுந்து எழும்வரை காத்திருங்கள். நெற்றி வடிவம், பின்முதுகு, கால் மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் பெயர் வையுங்கள். இல்லையென்றால் ஈபேர்டில் (பறவைப் பட்டியல் பதியும் இணையதளம்) "சிறிய ஆலா / சாண்டர்ஸ் ஆலா" என்று சேர்த்துப் போட வசதி இருக்கிறது. அப்படிப் போடுவதில் குறைச்சல் ஒன்றுமில்லை. தவறான தனிப்பெயர் ஒன்று புகுந்துவிட்டால் அதைப் பிடுங்குவது பெரும்பாடு.

மே 6, மாலை 6.30 – உப்பளத்தான்

அண்ணே, ஒரு சின்ன விஷயம். உப்பளப் பாத்தி வரப்புல உப்புக்கொத்தி ஜோடி ரெண்டு இருக்கு. ஆண் பறவைக்குக் கூட தலையில செம்பட்டை நிறம் வரல. கென்டிஷ் உப்புக்கொத்தின்னு புத்தகத்துல இருக்கிற ஆண் மாதிரி இல்ல. என்னது அது?

மே 6, இரவு 9.40 – ஆலாக்கண்

தம்பி, உங்கள் புத்தகம் பழசு. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் நிரந்தரமாக வாழ்கிற கூட்டத்தை 2023-இல் வந்த ஆய்வு கென்டிஷிலிருந்து தனி இனமாகப் பிரித்துவிட்டது. அதுதான் அனுமன் உப்புக்கொத்தி. அதற்கு 1915-லேயே சீபோமி என்று அறிவியல் பெயர் வைத்திருந்தார்கள், நூறு வருஷம் துணையினமாகவே கிடந்தது. ராமர் பாலத்தின் இரு கரையிலும் வாழ்வதால் அனுமன் பெயர்.

கென்டிஷ் ஆணுக்கு இனப்பெருக்க காலத்தில் உச்சந்தலை செம்பழுப்பு, நெற்றிக் கருப்பு அழுத்தம், அலகிலிருந்து கண்வரை கருங்கோடு. அனுமன் ஆணுக்குச் செம்பழுப்பு இல்லை அல்லது மிக மங்கல், கண்ணுக்கு முன்னால் பெரும்பாலும் வெள்ளை.

கோடைக்கு இதில் ஒரு வசதி உண்டு. குளிர்காலத்தில் வலசை வரும் கென்டிஷும் கலந்து நிற்கும், பிரிப்பது கஷ்டம். மே, ஜூனில் வரப்பில் ஜோடியாக நின்று முட்டை காக்கிறது என்றால் அனுமன்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

மணல் உப்புக்கொத்தியிலும் பெயர் மாறியிருக்கிறது. சிறிய மணல் உப்புக்கொத்தி என்று எழுதிவந்ததைச் சைபீரியம், திபெத்தியம் என இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். நம் கரைக்கு வருவது திபெத்தியம். பழைய பட்டியல்களைப் பார்க்கும்போது நினைவில் இருக்கட்டும்.

மே 7, காலை 6.10 – ஆலாக்கண்

நேற்று பெயரைச் சொன்னேன், நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லவில்லை. இந்த இழையிலேயே முக்கியமானது இதுதான்.

சிறிய ஆலாவும் உப்புக்கொத்தியும் கூடு கட்டுவதில்லை. மணலில் ஒரு சின்னக் குழி, ஓரத்தில் நாலு சிப்பித் துண்டு, அவ்வளவுதான். துறைமுகத்தில் தூர்வாரிக் கொட்டிய மணல்மேடு, புதிதாக நிரப்பிய நிலம், உப்பள வரப்பு எல்லாமே அவற்றுக்குக் கூடுதான். முட்டை இரண்டு, மூன்று. மண் நிறத்தில் புள்ளி தெளித்திருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும்.

கோடை மதியத்தில் அந்த மணல் 50 பாகையைத் தாண்டும். அந்நேரம் தாய் உட்கார்ந்திருப்பது அடைகாக்க என்று நினைக்கிறோம், உண்மையில் அது நிழல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நன்றாகக் கவனித்தால் உடம்பைத் தாழ்த்தாமல் கால் ஊன்றி எழும்பி நிற்பது தெரியும். பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இணை வந்து இடம் மாறும். போன பறவை தண்ணீரில் வயிற்று இறகை முக்கி எடுத்துக்கொண்டு வந்து, ஈர வயிற்றை முட்டைமேல் வைக்கும். நாம் படம் எடுப்பதற்காக அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று அதை எழுப்பிவிட்டால் முட்டை வெந்துபோகச் சில நிமிஷம் போதும். காலை எட்டரைக்குமேல் மாலை நாலரை வரை கூடு இருக்கும் மணலுக்குள் கால் வைக்கவே கூடாது.

தூரத்துக்கு மீட்டர் சொல்லச் சொன்னால் குறைந்தது ஐம்பது சொல்வேன். அதைவிடப் பறவை சொல்வதைக் கேட்பது நல்லது. உப்புக்கொத்தி சிறகை ஒடிந்தது போல இழுத்துக்கொண்டு தரையில் புரண்டால் நீங்கள் கூட்டுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறீர்கள். ஆலா தலைக்குமேல் கத்திக்கொண்டு பாய்ந்தால் அதேதான். அப்போது பக்கவாட்டில் தேடிப் போகாதீர்கள், வந்த காலடித் தடத்திலேயே பின்வாங்குங்கள். தெரிந்த தடத்தில் முட்டை இல்லை என்பது நிச்சயம்.

போகும்போது திரும்பிப் பாருங்கள். நாயும் காகமும் மனிதன் போன தடத்தைக் கவனிக்கின்றன. ஆலா எங்கே எழும்புகிறது என்று காகம் கம்பத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். காகம் பார்வையில் இருக்கும்போது கூடு உள்ள பக்கமே போகக் கூடாது. டிரோனும் வேண்டாம். அதன் நிழல் மொத்தக் கூட்டத்தையும் எழுப்பிவிடும். கூட்டின் சரியான இடத்தைப் பொதுவில் போடவும் வேண்டாம், ஊர்ப் பெயர் மட்டும் போதும். முட்டையைத் தொடுவதும் எடுப்பதும் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மே 7, காலை 8.25 – உப்பளத்தான்

வரப்பு வெட்டுற வேலை அடுத்த வாரம் இருக்கு. அந்த ரெண்டு கூட்டையும் சுத்தி மூணு மூணு மீட்டர் விட்டு வெட்டச் சொல்லிட்டேன். குச்சி ஊணி அடையாளம் வைக்கலாமா?

மே 7, காலை 9.05 – ஆலாக்கண்

நல்ல காரியம் தம்பி. ஆனால் குச்சி வேண்டாம், காகம் அதன்மேல் உட்காரும். கூட்டிலிருந்து பத்து மீட்டர் தள்ளி வரப்பு ஓரத்தில் இரண்டு தட்டையான கல், நடுவில் கூடு என்று வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். மண்வெட்டி அந்தப் பக்கம் வருவது விடியற்காலையில் இருக்கட்டும், அரைமணிக்குள் முடியட்டும். பறவை பத்து நிமிஷத்தில் திரும்பி உட்காரவில்லை என்றால் வேலையை நிறுத்தி ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மூன்றரை வாரத்துக்குள் குஞ்சு பொரித்து வரப்பைவிட்டே ஓடிவிடும். உப்புக்கொத்திக் குஞ்சு ஈரம் காய்ந்ததும் நடக்கத் தொடங்கும்.

மே 24, இரவு 10.00 – ஆலாக்கண்

தங்கிவிட்ட உள்ளான்களுக்கு வருவோம். ஏப்ரல் கடைசிவரை நிற்கும் வளர்ந்த பறவைகளில் பல இனப்பெருக்க உடையில் இருக்கும். வளைமூக்கு உள்ளான் செங்கல் சிவப்பு, மணல் உப்புக்கொத்தி நெஞ்சில் காவி, கல்திருப்பி ஆமை ஓட்டு நிறம். இவை மே நடுவில் போய்விடும். அதற்குப் பிறகும் சாம்பலாக, வெளிறி, சிறகு நுனி கந்தலாக நிற்பவை பெரும்பாலும் போன வருஷத்துக் குஞ்சுகள். முதல் வருஷத்தில் முட்டையிடாத பறவைக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து போய் வருவதில் ஆதாயமில்லை. பெரிய கோட்டான் போன்ற பெரிய இனங்கள் இரண்டு வருஷமோ அதற்கு மேலோ இங்கேயே தங்கும்.

பார்த்தால் அடையாளம் காண ஒரு வழி: பறக்கும்போது சிறகின் வெளி இறகில் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை முதன்மை இறகை உதிர்த்துக்கொண்டிருப்பது தங்கிவிட்ட இளம்பறவை. வளர்ந்த பறவைகள் வடக்கே போய்வந்த பிறகுதான், ஆகஸ்டுக்கு மேல், உதிர்க்கத் தொடங்கும்.

சாதா ஆலாவிலும் இந்த விஷயம் உண்டு. ஒரு வயதுப் பறவைக்குக் கோடையிலும் அலகு கருப்பு, நெற்றி வெள்ளை, சிறகின் முன்னோரத்தில் கருங்கோடு. 19ஆம் நூற்றாண்டில் இப்படி ஒரு பறவையைப் பார்த்து வேறு இனம் என்று நினைத்து போர்ட்லாண்டிகா என்று பெயரே வைத்துவிட்டார்கள். இன்றும் அந்தக் கோலத்துக்கு அதே பெயர் வழங்குகிறது. மே மாதத் துறைமுகத்தில் கருப்பு அலகு ஆலா தெரிந்ததும் அரிய இனம் என்று துள்ளுவதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

மே 25, காலை 7.00 – கரைநடை

எண்ணிக்கை எப்படி எழுதறது? நேத்து கூட்டமா உட்கார்ந்திருந்தது, நூறுன்னு போட்டேன். பக்கத்துல இருந்தவர் அறுபதுங்கறார்.

மே 25, காலை 7.35 – ஆலாக்கண்

ஆலா படுத்தால் முன்வரிசை பின்வரிசையை மறைக்கும். பத்துப் பத்தாகக் கட்டி இடமிருந்து வலம் ஒருமுறை, வலமிருந்து இடம் ஒருமுறை எண்ணுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது. பிறகு கூட்டத்தின் நடுவில் ஐம்பதை எடுத்து இனவாரியாகப் பிரித்து, அந்த விகிதத்தை முழுவதற்கும் போடலாம். ஓரத்தை மட்டும் எண்ணி விகிதம் போட்டால் தப்பும், ஏனென்றால் சிறிய இனங்கள் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும்.

ஒரே இடத்தில் ஒரே நேரத்துக்கு எண்ணுங்கள், உதாரணமாகக் காலை 6 முதல் 7 வரை. ஓதம் ஏறி நிற்கிறதா, வற்றி நிற்கிறதா என்றும் எழுதுங்கள். நம் கரையில் ஏற்றவற்றம் சுமார் ஒரு மீட்டர்தான், பாக் நீரிணைப் பக்கம் அதிலும் குறைவு. இருந்தாலும் முகத்துவாரச் சேற்றில் அரை மீட்டர் வற்றினாலே உள்ளான் எல்லாம் பரவிப் போய்விடும். ஏறியதும் ஒரே மேட்டில் ஒதுங்கும். எண்ண வேண்டியது அந்த மேட்டில்தான்.

ஒன்றுமே இல்லாத நாளையும் பதிவு செய்யுங்கள். ஜூன் 15 முதல் ஜூலை 10 வரை எடுக்கும் பட்டியல் மிக விலையுயர்ந்தது. அந்த இடைவெளியில் வடக்கே போகிறதும் இல்லை, திரும்பி வருவதும் அநேகமாக இல்லை. அப்போது நிற்கும் உள்ளான் உண்மையாகவே கோடை தங்கியது. அந்த நாட்களில் பட்டியல் போட ஆளே இருப்பதில்லை.

ஜூன் 9, இரவு 9.30 – ஆலாக்கண்

கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, ஏறிவிட்டது. இனி கடல் பறவைக் காலம். கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கைப் பார்த்த முட்டம் போன்ற பாறை முனைகள்தான் இதற்கு இடம். சின்னமுட்டம் கிழக்கைப் பார்க்கிறது, தென்மேற்குக் காற்றுக்கு அது மறைவு. மறைவில் இளைப்பாறும் ஆலாவுக்கு அங்கே போங்கள், கடந்து போகிறதைப் பார்க்க முனைக்குப் போங்கள்.

காற்று ஒன்றிரண்டு நாள் விடாமல் கரையை நோக்கி அடித்த பிறகு, விடிந்த முதல் மூன்று மணி நேரம். ஸ்கோப்பை அடிவானத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தி அசைக்காமல் வையுங்கள். ஒரு மிதவையோ பாறையோ குறியாக இருக்கட்டும், அதைத் தாண்டுவதை மட்டும் பத்துப் பத்து நிமிஷமாக எண்ணுங்கள். திசையையும் எழுதுங்கள்.

கறுப்பாகத் தெரியும் ஆலாவில் பிரைடில்டுக்கு முதுகு சாம்பல் பழுப்பு, கருந்தொப்பியோடு முரண்படும், வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டி நீளும். சூட்டி ஆலாவுக்கு முதுகும் தொப்பியும் ஒரே கருப்பு, நெற்றி வெள்ளை கண்ணோடு நிற்கும். தகைவிலான் அளவில் கருத்து, பின்முதுகு வெள்ளையாக, தண்ணீர்மேல் கால் தட்டித் தட்டிப் போவது வில்சன் புயல்பறவை. அண்டார்டிகா பக்கம் முட்டையிட்டுவிட்டு நம் கோடையில் இங்கே வருகிறது. சிறகை விறைப்பாக நீட்டி அலைக்குள் சாய்ந்து சாய்ந்து போவது ஷியர்வாட்டர்.

பாறையில் நிற்பதில் கவனம். கள்ளக்கடல் காற்றே இல்லாத நாளிலும் வரும், தெற்குப் பெருங்கடலில் எங்கேயோ கிளம்பிய அலை அது. போவதற்கு முன் இன்காய்ஸ் (கடல் தகவல் மையம்) எச்சரிக்கையைப் பாருங்கள். பாறையில் பச்சைப் பாசி எதுவரை ஏறியிருக்கிறதோ அதுவரை தண்ணீர் வழக்கமாக வருகிறது. அதற்கும் மேலே, காய்ந்த வெள்ளைப் பாறையில்தான் உட்கார வேண்டும். தூண்டில் வளைவுக் கற்களிலும் நான்குகால் கான்கிரீட் கட்டைகளிலும் தாவாதீர்கள், இடுக்கில் கால் மாட்டினால் தனியாக எடுக்க முடியாது.

பெரிய துறைமுகங்களுக்குள் அனுமதியில்லாமல் படம் எடுக்கக் கூடாது. மீன்பிடித் துறைமுகத்தில் வாசலில் இருப்பவரிடம் பறவைக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனால் போதும். கடலோரக் காவல் படகுப் பக்கம் லென்ஸைத் திருப்ப வேண்டாம். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதியின்றி இறங்கக் கூடாது. படகுக்காரர் கூப்பிட்டாலும் கூடாது, ஆலாக்கள் முட்டையிடுகிற காலம் இது.

ஜூன் 17, காலை 8.10 – கரைநடை

கரையில ஒரு சின்ன கருப்புப் பறவை, ரெண்டு காலும் முறிஞ்சிருக்கு போல, எந்திரிக்கவே முடியல. மூக்குல குழாய் மாதிரி இருக்கு. என்ன செய்யறது? தண்ணி கொடுக்கலாமா?

ஜூன் 17, காலை 8.14 – ஆலாக்கண்

தண்ணி ஊத்த வேண்டாம். சோறு, பால், மீன் எதுவும் வேண்டாம். கடலில் திரும்ப வீச வேண்டாம்.

கையுறை அல்லது பாலிதீன் பை போட்டுக்கொண்டு, துண்டால் மூடித் தூக்குங்கள். செருப்புப் பெட்டி அளவு அட்டைப்பெட்டி, பக்கத்துக்கு நாலைந்து துளை, அடியில் மடித்த துணி. மூடி வைத்து நிழலில், சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள். மூடுவதற்கு முன் ஸ்கேல் பக்கத்தில் வைத்து அலகு, பின்முதுகு, விரித்த சிறகு மூன்று படம்.

ஜூன் 17, காலை 8.40 – ஆலாக்கண்

கால் முறியவில்லை. புயல்பறவைகளுக்கு நிலத்தில் நிமிர்ந்து நிற்கக் கால் பலம் கிடையாது, கணுக்காலை மடித்து உட்கார்ந்தபடியே தத்தும். அது அதன் இயல்பு. முறிவு என்று நினைத்துக் குச்சி வைத்துக் கட்டிவிடாதீர்கள். அலகுமேல் குழாய் உப்பை வெளியேற்றுகிற மூக்குத் துவாரம். இரண்டு நாள் காற்றில் இரை கிடைக்காமல் களைத்து ஒதுங்கியிருக்கும். இருட்டில் சில மணி நேரம் ஓய்வெடுத்தால் பல தேறிவிடும். தேறியதை அந்திக்குப் பிறகு, காற்று தணிந்த நேரத்தில், வனத்துறை ஆள் முன்னிலையில் விடுவது நல்லது. பகலில் விட்டால் காகம் விடாது.

செத்து ஒதுங்கியதைக் கையால் தொடாதீர்கள், பறவைக் காய்ச்சல் அபாயம் இருக்கிறது. ஸ்கேலோடு படம் எடுத்தால் போதும், இனம் சொல்லிவிடலாம்.

ஜூன் 17, இரவு 8.55 – கரைநடை

வனத்துறை ஆள் வந்து வாங்கிட்டுப் போனாங்க. சாயங்காலம் பெட்டிக்குள்ள படபடன்னு அடிக்க ஆரம்பிச்சிருச்சு. பின்முதுகு வெள்ளை, பறக்கும்போது கால் வாலைத் தாண்டித் தெரிஞ்சது. வில்சன்தானே?

ஜூன் 17, இரவு 9.10 – ஆலாக்கண்

அதேதான். கால் விரல் சவ்வு மஞ்சளாக இருந்ததா என்று படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள், அதுவும் வில்சனுக்கு உண்டு. பெட்டிக்குள் படபடப்பு நல்ல அறிகுறி.

ஜூலை 8, காலை 9.20 – உப்பளத்தான்

குஞ்சோட கொண்டை ஆலா துறைமுகத்துல கத்திக்கிட்டுத் திரியுது, தாய் மீன் ஊட்டுது. ஈபேர்டுல இங்க இனப்பெருக்கம் உறுதின்னு போடலாமா?

ஜூலை 8, இரவு 9.00 – ஆலாக்கண்

போடாதீர்கள். பெரிய கொண்டை ஆலாக் குஞ்சு பறக்கப் பழகிய பிறகும் மாதக்கணக்கில் தாயோடு சுற்றும். தீவில் பொரித்தது வெகுதூரம் தாண்டி இந்தத் துறைமுகத்தில் ஊட்டுவாங்கலாம். குறிப்பில் "பறக்கும் குஞ்சுக்கு ஊட்டுகிறது" என்று எழுதுங்கள், அதற்கே நல்ல மதிப்பு இருக்கிறது. உங்கள் வரப்பு உப்புக்கொத்தி மாதிரி முட்டையைக் கண்டாலோ பறக்கத் தெரியாத குஞ்சு ஓடினாலோதான் உறுதி. அந்த இரண்டு ஜோடியும் என்ன ஆயிற்று?

ஜூலை 8, இரவு 9.25 – உப்பளத்தான்

ஒண்ணு மூணும் பொரிச்சிருச்சு அண்ணே, குஞ்சு மூணும் ஓடுது. இன்னொண்ணு நாய் தின்னுருச்சு. ஆனா அதே ஜோடி முப்பது அடி தள்ளி மறுபடி குழி பறிச்சிருக்கு.

ஜூலை 8, இரவு 9.40 – ஆலாக்கண்

ஒருமுறை இழந்தால் மறுபடி இடும். அதனால்தான் கூடுகளின் காலம் ஆகஸ்ட்வரை இழுக்கிறது. உங்கள் கல் அடையாளத்தை இடம் மாற்றி வையுங்கள்.

ஆகஸ்ட் 3, காலை 6.45 – ஆலாக்கண்

கரைநடைக்கு: செப்டம்பர்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜூலைக் கடைசியிலிருந்தே திரும்பி வருகிறார்கள். வளைமூக்கு உள்ளானில் ஆண்தான் முதலில் வரும், அடைகாப்பதிலும் குஞ்சு வளர்ப்பதிலும் அதற்குப் பங்கில்லை. செங்கல் சிவப்பு திட்டுத்திட்டாக உதிர்ந்து, வெள்ளை வயிற்றில் சிவப்புத் தீற்றலாக இருக்கும். அதன் பக்கத்திலேயே கோடை முழுக்கத் தங்கிய சாம்பல் நிறப் பறவை நிற்கும், இறகு நுனி கந்தலாக. இரண்டையும் ஒரே பார்வைக்குள் கொண்டுவந்து தனித்தனியாக எண்ணி, "வந்தது இத்தனை, தங்கியது இத்தனை" என்று குறிப்பில் எழுதுங்கள். இந்த வருஷத்துக் குஞ்சு ஆகஸ்ட் கடைசியில்தான் வரும், நெஞ்சில் இளமஞ்சள் ஓட, முதுகில் ஒவ்வொரு இறகுக்கும் வெள்ளை விளிம்பு கட்டி, ஒரு இறகுகூடத் தேயாமல்.

ஆகஸ்ட் 3, மாலை 6.50 – கரைநடை

வந்தது 4, தங்கியது 11. ஒண்ணு மட்டும் எந்தப் பக்கம்னு தெரியல, அதைத் தனியா போட்டிருக்கேன்.